மாடியில் சுக்கினி பூக்கிறது, காய்க்கவில்லையா? வடசென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முதல் வருடம் ஐந்து சுக்கினிச் செடிகள் வைத்தேன். இலைகள் யானைக்காது போல விரிந்தன. தினமும் மஞ்சள் பூக்கள் மலர்ந்தன. இரண்டு மாதத்தில் சமையலறைக்கு வந்தவை இரண்டே காய்கள். பக்கத்து மாடியில் துணி உலர்த்த வரும் அக்கா ஒருநாள், "தம்பி, இது பூவுக்காக வளர்க்கிற செடியா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பிஞ்சு அழுகும்போதெல்லாம் நான் ஒரு மருந்து வாங்கிவந்து தெளித்தேன். முதலில் வேப்பெண்ணெய், பிறகு பூஞ்சாணக்கொல்லி, கடைசியில் கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு டானிக். செடிக்கு எந்த நோயும் இல்லை என்பது அடுத்த மார்கழியில்தான் தெரிந்தது. அம்மா கோலத்துக்குப் பூ கேட்டார். கைக்கு எட்டியதைப் பறிக்கப் போனேன். "பிஞ்சு ஒட்டாத பூவாகப் பார்த்துப் பறி. பிஞ்சோடு பறித்தால் காய் போய்விடும்" என்றார். ஆண்பூ, பெண்பூ என்ற சொற்களை அவர் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். சாணத்தின் மேல் செருகும் மஞ்சள் பூவைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த வீட்டில், காய் பிடிக்காத காரணத்தை நான் மருந்துப் புட்டியில் தேடிக்கொண்டிருந்தேன்.

எனவே இந்த வழிகாட்டி மருந்தில் தொடங்காது. கீழே உள்ள வரிசையிலேயே சோதித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது படியைத் தாண்ட வேண்டியிருக்காது.

முதற்படி: விதைத்த மாதம் எது?

சுக்கினி பரங்கிக்காயின் நெருங்கிய உறவு. மூதாதை அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இன்று நாம் பார்க்கும் நீளக் காயாக அதை வளர்த்தெடுத்தவர்கள் இத்தாலிக்காரர்கள். மிதமான வெயிலுக்குப் பழகிய செடி. வெப்பம் 32, 33 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் ஆண்பூக்கள் பெருகும், பெண்பூக்கள் குறையும், மகரந்தமும் வீரியம் இழக்கும். பகல் நீளமும் வெப்பமும் கூடினால் ஆண்பூ, பகல் குறுகிக் குளிர்ந்தால் பெண்பூ. இந்தக் குடும்பத்தின் பொது வழக்கம் இது.

இதைச் சென்னை நாட்காட்டியில் பொருத்திப் பாருங்கள். பகலில் 30 டிகிரியை ஒட்டியும் இரவில் 21 டிகிரியை ஒட்டியும் நிற்கும் காலம் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரைதான். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நல்ல பழமொழி, ஆனால் இந்தச் செடிக்குச் சொன்னதில்லை. ஆடியில் நம் மாடியின் தளம் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். சுக்கினி மார்கழி, தை மாதச் செடி.

நான் இப்போது பின்பற்றும் முறை இது: நவம்பர் கடைசி வாரத்தில் காகிதக் கோப்பைகளில் விதைத்து, மழை நேராக விழாத சன்ஷேடின் கீழ் வைக்கிறேன். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முதலில் வரும் விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு உண்மையான இலைகள் வந்ததும், வேரைக் கலைக்காமல் கோப்பையைக் கிழித்து, மண்ணோடு பைக்கு மாற்றுகிறேன். வேரைத் தொந்தரவு செய்தால் இந்தக் குடும்பச் செடிகள் பத்து நாள் முகம் சுருங்கி நிற்கும். விதைத்த 35 முதல் 45 நாட்களில் பூக்கும். பொங்கலை ஒட்டி முதல் காய் வரும். மார்ச் முதல் வாரம் வரை பறிக்கலாம்.

அக்டோபரில் நேரடியாகப் பையில் விதைக்கும் ஆசை எனக்கும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அந்த ஆசையை அடித்துச் செல்லும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தெருவில் முழங்கால் தண்ணீர். மாடியிலோ வடிகால் துளை அடைத்து, ஆறு பைகள் இரண்டு நாள் குளமாகக் கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகு செடிகள் வெயிலில் வாடிய மாதிரியே வாடின. வேர் மூச்சுத் திணறி அழுகிய செடியும் தாகத்தில் நிற்கும் செடியும் பார்வைக்கு ஒன்றுதான். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மார்ச்சில் விதைத்துவிட்டு ஏப்ரலில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மனதைத் தேற்றிக்கொண்டு அந்தப் பையில் வெண்டையோ புடலையோ போடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் சுக்கினியைக் காப்பாற்ற நிழல்வலை, இரண்டு வேளைத் தண்ணீர் என்று செலவழிப்பதைவிடக் கடையில் காய் வாங்குவது மலிவு.

இரண்டாம் படி: காலை ஆறு மணிக்குப் பூக்களை எண்ணுங்கள்

பெண்பூவின் கீழ் விரல் மூட்டளவு குட்டிச் சுக்கினி ஒன்று ஒட்டியிருக்கும். காம்பு தடித்துக் குட்டையாக இருக்கும். ஆண்பூ மெல்லிய நீளக் காம்பில் தனியாக நிற்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆண்பூவில் மஞ்சள் தூள் பூசிய ஒற்றைத் தண்டு, பெண்பூவில் மகரந்தத்தை ஏற்கும், பிளவுபட்ட, பிசுபிசுப்பான சூலகமுடி.

ஒரு வாரம் தினமும் இரண்டையும் எண்ணிச் சுவர் நாட்காட்டியில் குறியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இந்த எண்ணிக்கை சொல்வதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

ஆண்பூ மட்டுமே வருகிறதா? முதல் ஒரு வாரம், பத்து நாள் அது இயல்பு. அதற்கு மேலும் நீடித்தால் வெப்பம், நிழல், அளவுக்கு மீறிய தழைச்சத்து என்ற மூன்றில் ஒன்று காரணம். பெண்பூ மட்டும் வருகிறதா? சில கலப்பின ரகங்களில் குளிர் நாட்களில் அப்படித் தொடங்கும். சில நாட்கள் பொறுத்தால் ஆண்பூ வந்துவிடும். இரண்டும் வருகின்றன, ஆனால் ஒரே நாளில் வருவதில்லை என்றால், உங்களிடம் செடிகள் போதவில்லை. ஒன்றிரண்டு செடி வைத்தவர்களின் நிரந்தரப் பிரச்சினை இது. நான்கு செடிகளாவது இருந்தால்தான் ஏதாவது ஒன்றில் ஆண்பூ கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பரங்கிப் பூவை வாங்கி ஒப்பேற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர்ப் பரங்கி பெரும்பாலும் வேறு இனம். அதை நம்பி இருக்க வேண்டாம்.

மூன்றாம் படி: தேனீ வருகிறதா? வராவிட்டால் நீங்கள்தான் தேனீ

சுக்கினியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை கொண்டது. காற்றில் பறக்காது. கடற்காற்று எவ்வளவு வீசினாலும் பயனில்லை, யாராவது சுமந்து செல்ல வேண்டும். ஒரு தேனீ ஒருமுறை வந்து போனால் போதாது. பல முறை வந்தால்தான் சூலகமுடி முழுவதும் மகரந்தம் படியும். அரைகுறையாகப் படிந்தால் காய் ஒருபக்கம் பருத்து, நுனி கூம்பி, கோணலாக வரும்.

மரமே இல்லாத நெருக்கமான தெருக்களில் மூன்றாவது மாடி வரை ஏறிவரும் தேனீக்கள் குறைவு. எங்கள் மாடிக்குக் கொம்புத்தேனீ வருகிறது, ஆனால் எட்டு மணிக்கு மேல்தான். பூவோ விடியுமுன் மலர்ந்து, வெயில் ஏறியதும் ஒன்பது, பத்து மணிக்குள் சுருண்டுவிடும். தேனீ வரும்போது கடை பாதி சாத்தியாகிவிட்டது.

கையால் மகரந்தம் சேர்ப்பது இப்படி. முந்தின மாலை ஒரு சுற்று வாருங்கள். மறுநாள் மலரப்போகும் மொட்டு பச்சை நிறம் மாறி, நுனியில் மஞ்சளாகப் பருத்திருக்கும். மழை வரும்போல் இருந்தால் அந்த ஆண், பெண் மொட்டுகளின் மேல் காகிதக் கோப்பைகளைக் கவிழ்த்து வையுங்கள், நனைந்த மகரந்தம் வீண். காலை ஆறரை மணிக்கு அன்று மலர்ந்த ஆண்பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்து, தண்டை விரலால் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் ஒட்டினால் தயார். அதைத் தூரிகை பிடிப்பது போலப் பிடித்து, பெண்பூவின் சூலகமுடியில் எல்லாப் பிளவுகளிலும் படுமாறு மெதுவாகத் தடவிச் சுற்றுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு பெண்பூக்களுக்குத் தாராளமாகப் போதும். தூரிகையும் பஞ்சுக்குச்சியும் வேண்டாம், பாதி மகரந்தத்தை அவையே வைத்துக்கொள்ளும்.

பிறகு காம்பில் ஒரு நூலைக் கட்டுங்கள். நான் பூக்காரம்மா தரும் வாழைநாரைச் சேர்த்து வைத்துக் கட்டுகிறேன். இந்த நூல்தான் உங்கள் சோதனைச்சாலை. நூல் கட்டிய பிஞ்சுகள் மூன்றாம் நாள் பளபளப்போடு நீள, கட்டாதவை மஞ்சளாகிச் சுருங்கினால், பிரச்சினை மகரந்தச் சேர்க்கை மட்டுமே. மருந்துச் செலவு முடிந்தது. நூல் கட்டியவையும் விழுந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

காலையில் ஷிஃப்டுக்கு ஓடுபவர்களுக்கு இது நடக்காது என்பது எனக்குத் தெரியும். அவர்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் கலப்பின ரகங்களைக் கேட்டு வாங்கலாம். விலை கூடுதல், விதை எடுத்து அடுத்த வருடம் போட முடியாது. ஆனால் வேலை மிச்சம்.

நான்காம் படி: பிஞ்சு எப்படி அழுகுகிறது என்று பாருங்கள்

நுனி அழுகுவது எல்லாம் ஒன்றல்ல. நான் வருடக்கணக்கில் குழப்பிக்கொண்ட இடம் இதுதான்.

பூ வாடிய இரண்டு நாள் முதல் நான்கு நாளுக்குள், விரலளவுப் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கினால் அது மேலே சொன்ன மகரந்தக் குறை. காய் நான்கு அங்குலம் வளர்ந்த பிறகு நுனி பழுப்பாகிக் குழிந்து தோல்போல இறுகினால் அது சுண்ணாம்புச் சத்துக் குறை. உடனே முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடாதீர்கள், அது கரைய மாதங்கள் ஆகும். மண்ணில் பெரும்பாலும் சத்து இருக்கும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் அதைக் காய் வரை கொண்டுசேர்க்கத் தண்ணீர் ஒழுங்காகப் போவதில்லை. வெயில் நாளில் காலையில் முழுமையாகவும், மாலையில் விரல் சோதனைக்குப் பிறகும் ஊற்றுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலைச் சருகை மூடாக்காகப் போடுங்கள்.

மூன்றாவது வகை மழையின் கொடை. வாடிய பூ காயின் நுனியில் ஈரமாக ஒட்டிக்கொண்டு, அதன்மேல் சாம்பல்நிற மயிர்போல பூஞ்சணம் முளைக்கும். உற்றுப் பார்த்தால் குண்டூசித் தலைபோலக் கரும்புள்ளிகள். மகரந்தம் சேர்ந்த இரண்டாம் நாள் வாடிய இதழ்களை நோகாமல் கிள்ளி எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

நான்காவது வகை பழ ஈ. பிஞ்சின் தோலில் ஊசி குத்திய புள்ளி, அதில் பிசின் துளி, பிறகு காய் வளைந்து மென்மையாகும். வெட்டினால் புழு. அந்தக் காயைக் குப்பைக்கூடையில் போடாமல், பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்து அப்புறப்படுத்துங்கள். மண்ணில் விழுந்தால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறையோடு திரும்பும். பண்ணைகளில் கருவாட்டுத்தூள் பொறி வைப்பார்கள். நானும் காசிமேட்டுக் கருவாட்டை ஒரு புட்டியில் போட்டுத் தொங்கவிட்டேன். ஈக்கு முன்னால் பூனை வந்தது. இப்போது பூ வாடியதும் பிஞ்சைச் செய்தித்தாள் உறையால் மூடிவிடுகிறேன். நான்கு செடிக்கு அதுவே போதும்.

ஐந்தாம் படி: தண்ணீரின் உப்பு

தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கடலை ஒட்டிய தெருக்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை என்றால், அதே தண்ணீர் செடிக்கும் சிரமம்தான்.

வாட்டர் பியூரிஃபையர் பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கும், தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் பாசனத்துக்குக் கவலையில்லை. 450 முதல் 2,000 வரை கவனமாகப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் தவிர்ப்பது நல்லது. காய்கறிகளில் சுக்கினி உப்பைக் கொஞ்சம் தாங்கும் வகைதான், பீன்ஸைவிட எவ்வளவோ மேல். ஆனால் தரையில் மழை கழுவிச் செல்லும் உப்பு, பையில் தேங்கி நாளுக்கு நாள் ஏறும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பையின் ஓரத்தில் வெள்ளைப் படிவம், இலை விளிம்பு தீய்ந்தது போன்ற பழுப்பு, மண் ஈரமாக இருந்தும் மதியத்தில் வாட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் உப்புதான்.

செய்யவேண்டியது எளிது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரையோ சேர்த்துவைத்த மழைநீரையோ, அடித்துளைகளில் ஐந்து நிமிடம் வழியும் வரை மெதுவாக ஊற்றுங்கள். அன்றாடத்துக்கும் பாதி மெட்ரோ, பாதி ஆழ்குழாய் என்று கலந்துகொள்ளலாம். குடிக்கும் தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் வாரங்களில் அரிசி கழுவிய தண்ணீர் கைகொடுக்கும். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீர் கூடாது.

இன்னொரு மறைமுக உப்பு கோகோ பீட், அதாவது தென்னை நார்க்கழிவு. கழுவாத கட்டிகளில் உப்பு மிகுதி. வாளியில் ஊறவைத்து மூன்று முறை பிழிந்த பிறகே மண்ணில் கலக்குங்கள்.

ஆறாம் படி: பை, வெயில், எரு

ஒரு செடிக்கு 15 அங்குல அகலம், 15 அங்குல உயரப் பை. அதற்குக் குறைந்தால் செடி பிழைக்கும், காய்க்காது. செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய கோகோ பீட் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பையைச் செங்கல் மேல் வையுங்கள். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள்.

ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறது. நண்பகலில்கூட மூன்றடிக் கைப்பிடிச்சுவர் வடக்கே இரண்டேகால் அடி வரை நிழல் போடும். ஏப்ரலில் வெயில் கொளுத்திய அதே மூலை மார்கழியில் இருட்டாக இருக்கும். தெற்குச் சுவரை ஒட்டி வைத்த பைகளை நடுமாடிக்கு நகர்த்துங்கள். நான் இரண்டு வருடம் இதைக் கவனிக்கவில்லை.

எருவில் ஒரு எச்சரிக்கை. காசிமேட்டு மீன் கழிவும் அதே எடை வெல்லமும் சேர்த்து மூடி, ஒரு மாதம் வைத்தால் கிடைக்கும் மீன் அமிலம் அருமையான வளர்ச்சி ஊக்கி. லிட்டருக்கு 5 மில்லி கலந்து, பூக்கும் வரை வாரம் ஒருமுறை ஊற்றலாம். பூ வந்ததும் நிறுத்திவிட வேண்டும். முதல் வருடம் என் செடிகள் யானைக்காது இலை விட்டதன் ரகசியம் இதுவே. தழைச்சத்து தொடர்ந்து கிடைத்தால் காய்க்கவேண்டும் என்ற கட்டாயம் செடிக்கு வருவதில்லை.

ஏழாம் படி: இப்போதுதான் இலை

இலை நரம்புகளின் கோணங்களில் வெள்ளித் திட்டுகள் சீராக இருந்தால் அது ரகத்தின் இயல்பு. எத்தனையோ பேர் அதற்கு மருந்தடித்திருக்கிறார்கள். விரலால் தேய்த்தால் மாவு போல வருவதே சாம்பல் நோய். இதற்குப் பால் தெளிப்பது பாட்டி வைத்தியம் மட்டுமல்ல. பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, சுக்கினிச் செடியிலேயே செய்யப்பட்டது. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை, வெயில் படும் காலையில். முழு இலையும் வெளுத்த பிறகு தெளித்துப் பயனில்லை, அந்த இலையை வெட்டிவிடுங்கள். கந்தகத்தூள் வேலை செய்யும், ஆனால் வெயில் ஏறிய நாளில் இந்தச் செடியின் இலைகளைக் கருக்கிவிடும்.

இளம் இலைகள் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகி, கொப்புளித்து, காயிலும் மேடு பள்ளம் வந்தால் அது தேமல் என்ற வைரஸ் நோய். வைரஸுக்கு மருந்தில்லை. செடியைப் பிடுங்குங்கள், மனம் வராவிட்டாலும். அசுவினியும் வெள்ளை ஈயும் அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன் பிடுங்க வேண்டும். அந்தப் பூச்சிகளுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசலோடு, மாலையில் பூக்கள் மூடிய பிறகு இலையின் அடியில் தெளிக்கலாம். காலையில் தெளித்தால் அபூர்வமாக வரும் கொம்புத்தேனீயையும் இழப்பீர்கள். செந்நிறப் பரங்கி வண்டை விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும்போது கையாலேயே பிடித்துவிடலாம். வெளிநாட்டு வீடியோக்களில் தண்டைத் துளைக்கும் அந்துப்பூச்சியைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். அது அமெரிக்கப் பூச்சி, அதற்கான மருந்தை இங்கே தேடாதீர்கள்.

எட்டாம் படி: பறிப்பதில் தாமதம்

காய் பிடிக்கத் தொடங்கிய பிறகும் மகசூல் நின்றுபோகும் வீடுகளில் இலைக்குள் ஒளிந்த ஒரு பெரிய காய் இருக்கும். சுரைக்காய் அளவுக்கு வளர்ந்து விதை முற்றியதும், வேலை முடிந்தது என்று செடி அடுத்த பிஞ்சுகளை உதிர்த்துவிடும். பூ மலர்ந்த ஐந்தாறு நாளில், ஆறு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலத்துக்குள், காம்பில் ஒரு அங்குலம் விட்டுக் கத்தியால் வெட்டுங்கள். திருகினால் தண்டு கிழியும். பருவம் உச்சத்தில் இருக்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாள் இலைகளை விலக்கிப் பார்க்க வேண்டும். தவறவிட்டுப் பெருத்த காயைக் கூட்டில் போடலாம், பரங்கிக்காய் போலவே பருப்போடு சேரும்.

வெட்டிய காயின் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். இந்தக் குடும்பத்தின் கசப்பு நஞ்சு, சமைத்தாலும் போகாது, பாகற்காய்க் கசப்போடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சேமித்த விதையிலிருந்து வந்த செடிகளில் இது நேரும் வாய்ப்பு அதிகம் என்பதால் நான் வருடா வருடம் புது விதையே வாங்குகிறேன்.

போன தை மாதம் நான்கு செடிகளிலிருந்து இருபத்தாறு காய்கள் வந்தன. மிச்சமான ஆண்பூக்களைக் கடலைமாவில் தோய்த்து அம்மா பஜ்ஜி போட்டார். ஒரு தட்டு பக்கத்து மாடிக்கும் போனது. அக்கா தின்றுகொண்டே, "அன்றைக்கே கேட்டேனே, பூவுக்குத்தான் வளர்க்கிறீர்கள்" என்றார்.